ஜெனீவாவுக்கு முன்னால் ஒரு லெட்ஜர்

வாசகர் கேள்வி: சட்டம் முடித்து மூன்று ஆண்டுகளாக ஒரு சீனியரிடம் சிவில் வழக்குகள் பார்த்து வருகிறேன். சர்வதேச வர்த்தகச் சட்டத்தில் இறங்க ஆசை. ஜெனீவாவில், உலக வர்த்தக அமைப்பில் வாதாட வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்தே கனவு. இந்தத் துறையில் அன்றாட வேலை உண்மையில் எப்படி இருக்கும்? வெளிநாட்டில் எல்.எல்.எம். படித்தால்தான் உள்ளே விடுவார்களா? இத்தனை நாள் பார்த்த சிவில் வேலை வீண்தானா? இன்னொன்று, கணக்கு என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். அது தடையாகுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் ஜெனீவா முன்வாசலில் நிற்கிறது, கணக்கு கொல்லைப்புறமாக வருகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்த வரிசை மாறிவிடும். ஆகவே கனவை முதலில் பேசி முடித்துவிட்டு, கணக்குக்கு வருகிறேன்.

உலக வர்த்தக அமைப்பு 1995 ஜனவரி 1 அன்று செயல்படத் தொடங்கியது. அங்கே பிராது கொடுக்கும் உரிமை உறுப்பினர்களுக்கு மட்டுமே. அதாவது அரசுகளுக்கும், ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சுங்கப் பகுதிகளுக்கும். எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் நேராகப் போய் வழக்குப் போட முடியாது. தன் அரசின் கதவைத் தட்டி, அரசு மனம் வைத்தால்தான் உண்டு. இத்தனை ஆண்டுகளில் அங்கே பதிவான தகராறுகள் 600-ஐச் சற்றே தாண்டியவை. அவற்றை நடத்துவதும் பெரும்பாலும் அரசுகளின் சொந்த வழக்கறிஞர்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய சில சட்ட நிறுவனங்கள், வளரும் நாடுகளுக்காக 2001-ல் ஜெனீவாவில் தொடங்கிய சட்ட ஆலோசனை மையம், அவ்வளவுதான். மேல்முறையீட்டு அமைப்பில் 7 பேர் இருக்க வேண்டும். புதிய நியமனங்களுக்கு அமெரிக்கா இசையாததால், ஒரு வழக்கைக் கேட்கத் தேவையான 3 பேர்கூட இல்லாமல் 2019 டிசம்பரில் அது முடங்கியது. விசாரணைக் குழுவிடம் தோற்ற நாடு ‘மேல்முறையீடு’ என்று ஒரு காகிதம் கொடுத்துவிட்டால் போதும், வழக்கு அந்தரத்தில் தொங்கும். இதைச் சமாளிக்கச் சில உறுப்பினர்கள் 2020-ல் தங்களுக்குள் ஓர் இடைக்கால நடுவர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சேராதவர்களை அது கட்டாது.

இதே காலத்தில் உலகெங்கும் நாடுகள் தொடங்கிய டம்பிங் (வெளிநாட்டில் குறைந்த விலைக்குச் சரக்கைக் குவிப்பது) விசாரணைகள் 6,000-க்கும் மேல். ஒவ்வொன்றிலும் உள்நாட்டு உற்பத்தியாளர், வெளிநாட்டு ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், அந்தப் பொருளை மூலப்பொருளாக வாங்கும் ஆலைகள் என்று பல தரப்பு; தரப்புக்கு ஒரு வழக்கறிஞர். இதற்கு மேல் சுங்க வகைப்பாட்டுத் தகராறுகள், பொருளாதாரத் தடைச் சட்டங்கள், ஒப்பந்தங்கள். சோறு வேகும் அடுப்பு இங்கேதான் இருக்கிறது. ஜெனீவாவுக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் இந்த அடுப்படியில் சில ஆண்டு நின்றவர்களே.

டம்பிங் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். உங்கள் பயத்துக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

ஒரு ஏற்றுமதியாளர் தன் உள்ளூர்ச் சந்தையில் விற்கும் விலையைவிடக் குறைவாக வெளிநாட்டில் விற்றால் அது டம்பிங். விற்றால் மட்டும் போதாது. அதனால் இறக்குமதி நாட்டின் தொழிலுக்குப் பாதிப்பு வந்திருக்க வேண்டும், பாதிப்புக்குக் காரணமும் அந்த இறக்குமதியாகவே இருக்க வேண்டும். அப்போதுதான் வரி போடலாம். விசாரணை கேட்டு மனுப் போடும் உள்நாட்டுத் தொழிலுக்கு முதலில் தகுதி வேண்டும். நாட்டின் மொத்த உற்பத்தி 1,000 டன் என்று வையுங்கள். மனுவை ஆதரிப்பவர்களின் உற்பத்தி 240 டன் என்றால், எதிர்ப்பவர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் மனு நிற்காது. 25% தொட வேண்டும். ஆதரவு 300, எதிர்ப்பு 320 என்றாலும் நிற்காது. கருத்துச் சொன்னவர்களின் உற்பத்தியில் ஆதரவு 50%-ஐத் தாண்ட வேண்டும். ஏற்றுமதியாளர் தரப்பு ஜூனியர் கையில் முதலில் கொடுக்கப்படும் வேலை இந்தக் கூட்டல்தான். மனுதாரரே அந்தப் பொருளை இறக்குமதி செய்திருக்கிறாரா, ஏற்றுமதியாளருக்கு உறவுக் கம்பெனியா என்றும் தோண்ட வேண்டும். அப்படி இருந்தால் அவரை உள்நாட்டுத் தொழில் கணக்கிலிருந்தே விலக்கக் கேட்கலாம். அவர் விலகினால் மேலே சொன்ன சதவீதம் தலைகீழாகப் போகவும் கூடும்.

விசாரணை தொடங்கியதும் ஏற்றுமதியாளருக்கு வினாத்தொகுப்பு வரும். பதில் தரக் குறைந்தது 30 நாள். அனுப்பிய ஒரு வாரத்தில் அது கைக்கு வந்துவிட்டதாக உலக வர்த்தக அமைப்பின் டம்பிங் ஒப்பந்தமே வைத்துக்கொள்கிறது. ஆக நடைமுறையில் 37 நாள். தக்க காரணம் காட்டி நீட்டிப்புக் கேட்கலாம், ஆனால் சிவில் கோர்ட் வாய்தா மாதிரி நினைத்துவிடாதீர்கள். மொத்த விசாரணையையும் ஒரு வருடத்தில் முடிக்க வேண்டும், என்ன ஆனாலும் 18 மாதத்தைத் தாண்டக் கூடாது என்ற கெடு அதிகாரிகளின் கழுத்திலும் தொங்குகிறது.

இப்போது கணக்கு. ஒரு டன் பொருளின் உள்ளூர் இன்வாய்ஸ் விலை 1,120 என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆண்டிறுதித் தள்ளுபடி 40, லாரி வாடகை 50, பேக்கிங் 13. வாங்கியவர் 60 நாள் கழித்துப் பணம் தருகிறார். வட்டி 9% என்றால் அந்தக் கடனின் செலவு ஏறக்குறைய 17. எல்லாம் கழித்தால் ஆலை வாசலில் விலை 1,000. இனி ஏற்றுமதி: கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்த்து விலை 1,050. கப்பல் வாடகை 60, காப்பீடு 5, துறைமுகம்வரை லாரி 25, துறைமுகக் கூலி 10, பேக்கிங் 20. கழித்தால் 930. இரண்டுக்கும் வித்தியாசம் 70. அதை 930-ஆல் வகுத்தால் டம்பிங் அளவு 7.5%.

அந்த 40 ரூபாய் தள்ளுபடியைப் பாருங்கள். ரூபாயோ டாலரோ, எந்த நாணயமானாலும் கதை ஒன்றுதான். கம்பெனி அதை உண்மையிலேயே கொடுத்திருக்கிறது, ஆனால் இன்வாய்ஸில் காட்டவில்லை. ஆண்டு முடிவில் ஒரே கிரெடிட் நோட்டாகப் போட்டிருக்கிறது. எந்த டீலருக்கு, எந்தப் பொருளுக்கு, எத்தனை டன்னுக்கு என்று பிரித்துக் காட்ட முடியவில்லை. அதிகாரி அந்தக் கழிவை மறுக்கிறார். உள்ளூர் விலை 1,040 ஆகிறது, டம்பிங் 11.8%. லாரி வாடகைக்கும் பில் இல்லை என்று அதுவும் போனால் 1,090, இப்போது 17.2%. சட்டம் ஒரு வரிகூட மாறவில்லை. இரண்டு காகிதம் இல்லாததால் வரி இருமடங்குக்கு மேல் ஏறிவிட்டது. எதிர்த்திசையிலும் இது நடக்கும்: டம்பிங் அளவு 2%-க்குக் கீழே வந்துவிட்டால் அந்த ஏற்றுமதியாளர் வரியிலிருந்து தப்பிவிடுவார். 2.3%-ல் நிற்கும் கணக்கில், கட்சிக்காரர் மறந்துபோன ஒரு கிடங்குச் செலவு முழு வழக்கையும் வெல்லும்.

இதற்குத் தேவையான கணிதம் பத்தாம் வகுப்புச் சதவீதம்தான். தேவைப்படும் இன்னொன்று, கணக்குப் புத்தகத்தை வாசிக்கும் பழக்கம். ஆடிட் செய்த ஆண்டறிக்கையில் விற்பனை என்று ஒரே ஒரு தொகை இருக்கும். அதிலிருந்து டிரயல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்), லெட்ஜர், வவுச்சர், இன்வாய்ஸ் என்று படிப்படியாக இறங்க வேண்டும். வினாத்தொகுப்பில் நீங்கள் காட்டும் ஒவ்வொரு விற்பனையையும் கூட்டினால், மறுபடி ஏறி அந்த ஒற்றைத் தொகையில் போய் முட்ட வேண்டும். முட்டாது. முதல் தடவை ஒருபோதும் முட்டாது. திரும்பி வந்த சரக்கு, இலவச சாம்பிள், கிளைகளுக்குள் மாற்றிய சரக்கு, நிதியாண்டுக் கடைசி நாளில் கப்பலில் இருந்த சரக்கு, விற்பனைத் தொகைக்குள் புகுந்துகொண்ட கழிவுப்பொருள் விற்பனை — வித்தியாசம் ஒளிந்திருப்பது வழக்கமாக இந்த ஐந்து இடங்களில்தான். விசாரணைக் காலமும் நிதியாண்டும் வேறு வேறாக இருந்தால் இன்னும் ஒரு சிக்கு.

முட்டாத கணக்கை அப்படியே கொடுத்தால் என்ன ஆகும்? அதிகாரிகள் ஆலைக்கே வந்து சரிபார்ப்பார்கள். ஏதாவது ஓர் இன்வாய்ஸைச் சுட்டி, ஆர்டர், டெலிவரி சீட்டு, பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது), வங்கி வரவு, லெட்ஜர் பதிவு என்று மொத்தச் சங்கிலியையும் கேட்பார்கள். ஒரு கண்ணி இல்லையென்றால் சந்தேகம். பல கண்ணிகள் இல்லையென்றால் உங்கள் பதிலை ஒதுக்கிவிட்டுக் ‘கிடைத்த தகவல்’ அடிப்படையில் முடிவெடுக்கலாம். கிடைத்த தகவல் பெரும்பாலும் எதிர்த்தரப்பு மனுவில் உள்ள எண்கள். அவை யாருக்குச் சாதகமாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஜூனியர்கள் சறுக்கும் இன்னோர் இடம், ரகசியப் பதிப்பும் பொதுப் பதிப்பும். கட்சிக்காரரின் விலைகளை அதிகாரிக்கு முழுசாகக் கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்புக்குப் போகும் பதிப்பில் அவற்றை மறைத்து, விஷயம் புரியும் அளவுக்குச் சுருக்கம் தர வேண்டும். எண்கள்மேல் கறுப்புப் பட்டை போட்டு பி.டி.எஃப். ஆக்கி அனுப்பிவிடுவார்கள். எதிர்த்தரப்பு அந்தப் பட்டையைத் தேர்வு செய்து காப்பி அடித்தால் அடியில் உள்ள எண் அப்படியே வரும். எக்ஸெலில் ஒளித்து வைத்த ஷீட்டும் அப்படித்தான். எண்ணை அழித்துவிட்டு, அதற்குப் பதில் முதல் ஆண்டை 100 என்று வைத்த குறியீட்டு எண்ணோ ஏற்ற இறக்கப் போக்கோ கொடுத்து, புதிய கோப்பாகச் சேமித்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

உள்நாட்டுத் தொழில் தரப்பில் நின்றால் வேலை வேறு மாதிரி. டம்பிங் ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு, பாதிப்பைக் காட்ட விற்பனை, லாபம், உற்பத்தி, சந்தைப் பங்கு, திறன் பயன்பாடு, வேலைவாய்ப்பு, ஊதியம், இருப்பு என்று 15 காரணிகளை அடுக்குகிறது. எல்லாமே சரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் எல்லாவற்றையும் பரிசீலித்தே ஆக வேண்டும். தனக்குச் சாதகமான ஒன்பதை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விழுங்கிய மனு, பின்னால் மேல் விசாரணையில் உதைபடும்.

சுங்கம் தனி உலகம். ஆள் தேவையும் அதிகம், பளபளப்பும் குறைவு. உங்களைப் போன்றவர்களுக்கு அதையே முதல் வாசலாகச் சிபாரிசு செய்வேன். 1988 முதல் நடப்பிலுள்ள ஹெச்.எஸ். (சரக்குகளை வகைப்படுத்தும் உலகப் பொதுப் பட்டியல்) முறையில் ஒவ்வொரு சரக்குக்கும் 6 இலக்கக் குறியீடு உலகப் பொது. அதற்கு மேல் வரும் இலக்கங்கள் அந்தந்த நாட்டின் விருப்பம். இப்போது நடப்பது 2022 பதிப்பு, அடுத்தது 2028-ல். குறியீடு மாறினால் வரி மாறும் என்பதால் சண்டை ஓயாது. அமெரிக்க சர்வதேச வர்த்தக நீதிமன்றம் 2003-ல் ஒரு விநோத வழக்கைத் தீர்த்தது: எக்ஸ்-மென் காமிக்ஸ் நாயகர்களின் உருவங்கள் பொம்மை மனிதர்களா, வெறும் விளையாட்டுப் பொருளா? மனித உருவம் என்றால் அப்போது 12% வரி, மற்றது 6.8%. தன் நாயகர்கள் மனிதர்களே இல்லை என்று கம்பெனியே வாதாடி வென்றது. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் வரி கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது.

இதன் மறுபக்கம், அதே அமெரிக்காவில் நடந்த ஃபோர்டு வேன் வழக்கு. பின்னிருக்கையோடு பயணிகள் வண்டியாக 2.5% வரியில் இறக்குவார்கள். சுங்கம் தாண்டியதும் அந்த இருக்கையைக் கழற்றிவிட்டுச் சரக்கு வேனாக விற்பார்கள். சரக்கு வண்டிக்கு அப்போது வரி 25%. கீழ் நீதிமன்றம் ஃபோர்டு பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் 2019-ல் ஃபோர்டு தோற்றது. வண்டி இறங்கிய நிலையை மட்டும் பார்க்காமல், அது எந்தப் பயன்பாட்டுக்கானது என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. வரியைக் குறைக்க ‘ஒரு சின்ன மாற்றம்’ என்று உற்பத்திப் பிரிவு யோசனை சொல்லும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பு உங்கள் மேசையில் இருக்கட்டும்.

வகைப்பாட்டில் புதியவர்கள் செய்யும் தவறு, பொருளின் கடைப் பெயரிலிருந்து தொடங்குவது. விளக்க விதிகள் 6. அவற்றை வரிசையாகத்தான் பயன்படுத்த வேண்டும். முதல் விதி தலைப்பின் சொற்களையும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளையும் பார்க்கச் சொல்கிறது. பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். அத்தியாயக் குறிப்பில் ‘இதில் அடங்காதவை’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதைப் படிக்காமல் மூன்றாம் விதியின் ‘அடிப்படைத் தன்மை’க்குத் தாவி நாலு பக்கம் எழுதிவிட்டு வந்து நிற்பார்கள்.

சுங்க மதிப்பீட்டில் மோல்டு (வார்ப்பச்சு) கதை நிரந்தரம். வாங்குபவர் 10 லட்சம் மதிப்புள்ள மோல்டை வெளிநாட்டு சப்ளையருக்கு இலவசமாகக் கொடுக்கிறார். அதில் 1 லட்சம் உதிரிபாகங்கள் வார்த்து, ஒன்று 50 என்று வருகிறது. சுங்க மதிப்பு 50 அல்ல. மோல்டின் பங்கு 10 சேர்த்து 60. மோல்டு வாங்கிய பில் இன்ஜினியரிங் பிரிவின் மூலதனக் கணக்கில் தூங்கும், இறக்குமதிப் பில் பர்ச்சேஸ் பிரிவில் ஓடும். இரண்டும் முதன்முதலாகச் சந்திப்பது சுங்கத் தணிக்கையில்; அப்போது பல ஆண்டு வரியும் வட்டியும் சேர்ந்து வரும். அதற்கு முன்பே அவற்றைச் சந்திக்க வைப்பதற்குத்தான் உங்களுக்குக் கட்டணம். ராயல்டியும் இப்படியே: சரக்கு வாங்க வேண்டுமானால் ராயல்டி கொடுத்தே தீர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் அதுவும் மதிப்பில் சேரும்.

மற்றக் கிளைகளை வேகமாகத் தொடுகிறேன். தடைச் சட்ட வேலை ராத்திரி பகல் பார்க்காது. கப்பல் கிளம்பிய பிறகு வங்கி பணத்தை நிறுத்திவைத்துவிட்டது என்றுதான் போன் வரும். அமெரிக்கக் கருவூலத்தின் விதிப்படி, தடைப்பட்டியலில் உள்ளவர்கள் கூட்டாக 50% அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் கம்பெனியும் தடைக்கு உட்பட்டதே, அதன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும். ஒருவரிடம் 30%, இன்னொருவரிடம் 25% என்றால் 55%. பட்டியலில் பெயர் தேடிப் ‘பார்த்தாயிற்று’ என்று டிக் அடிப்பவர் இங்கே மாட்டுவார். பெயர்களை வேறு எழுத்திலிருந்து மாற்றும்போது நாலைந்து விதமாக எழுதலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஒப்பந்தப் பக்கத்தில், உங்கள் சிவில் அனுபவம் நேரடியாக உதவும். ஆனால் பழைய பழக்கம் சில இடங்களில் காலை வாரும். ஒப்பந்தத்தில் ‘இன்ன நாட்டுச் சட்டம் பொருந்தும்’ என்று மட்டும் எழுதினால், அந்த நாடு 1980-ன் வியன்னா விற்பனை உடன்படிக்கையில் இருந்தால், பெரும்பாலும் அந்த உடன்படிக்கையும் கூடவே உள்ளே வந்துவிடும். வேண்டாமென்றால் வெளிப்படையாக விலக்க வேண்டும். கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும்வரை விற்றவர் பொறுப்பு) போடுவது உலகப் பொதுத் தவறு. சரக்கு யார்டில் ஒப்படைக்கப்படுகிறது, ஆனால் எஃப்.ஓ.பி.யில் அபாயம் கைமாறுவது கப்பல் மேல் ஏறிய பிறகுதான். இடையில் யார்டில் கிடக்கும் நாட்களில் சேதமானால் விற்றவர் தலையில் விழும். அங்கே பொருத்தமானது எஃப்.சி.ஏ. (ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைக்கும்வரை மட்டும் விற்றவர் பொறுப்பு). இத்தகைய விற்பனைச் சொற்களின் தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020-ல் மொத்தம் 11 விதிகள். ஒன்றுகூடச் சொத்துரிமை எப்போது மாறும் என்று சொல்வதில்லை. எல்.சி.யில் (ஆவணம் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், சரக்கு ஏற்றிய 21 நாளுக்குள் ஆவணங்கள் வங்கிக்குப் போக வேண்டும். வங்கிக்குச் சரிபார்க்க 5 வங்கி நாள். ஆவணம் நாள் தவறினால் சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தும் வங்கி பணத்தை மறுக்கலாம்.

எல்.எல்.எம். பற்றி. பன்னாட்டு அமைப்பு, அரசின் ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக் குழு, ஆராய்ச்சி — இவற்றில் ஒன்றுதான் இலக்கு என்றால் படிப்பு உதவும். உலக வர்த்தக அமைப்பின் அலுவல் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ். இரண்டாவதாக ஒன்றையும் படித்தால் விண்ணப்பம் கனக்கும். டம்பிங், சுங்கம், கம்ப்ளையன்ஸ் (கம்பெனி விதிகளை மீறாமல் பார்த்துக்கொள்ளும் வேலை) பக்கம் போகிறவர்கள் இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்த பிறகு போவதே மேல். அப்போதுதான் வகுப்பில் கேட்கக் கேள்வி இருக்கும். கடன் வாங்கி, வேலையே பார்க்காமல் போய்ப் படித்துவிட்டுத் திரும்பினால், அதே முதல் படியில்தான் நிற்பீர்கள், தவணையோடு. உலக வர்த்தக அமைப்பு இணையவழிப் பாடங்களை இலவசமாகத் தருகிறது. தொடக்கத்துக்கு அவை போதும்.

வேலை தேடும்போது சட்ட நிறுவனங்களின் பெயர்ப்பலகையை மட்டும் பார்க்காதீர்கள். பெரிய கணக்கியல் நிறுவனங்களின் சுங்கப் பிரிவு, உற்பத்திக் கம்பெனிகளின் வர்த்தக கம்ப்ளையன்ஸ் பிரிவு, தொழில் சங்கங்கள், அரசின் விசாரணை அமைப்புகள் ஆகியவையும் ஆள் எடுக்கின்றன. கம்பெனிக்குள் ஒரு வருடம் உட்கார்ந்தவருக்கு எந்தக் கோப்பு எந்த அலமாரியில் கிடக்கும் என்று தெரியும். அது பின்னாளில் வெளியிலிருந்து வேலை செய்யும்போது பெரிய பலம்.

மூன்று ஆண்டு சிவில் வேலை வீணா? இல்லை. சாட்சியிடமிருந்து உண்மையை வரவழைக்கத் தெரிந்தவர், ஆலை மேலாளரிடமிருந்து தயாரிப்புச் செலவை வரவழைப்பார். ஆவணங்களைக் காலவரிசையில் அடுக்கும் பழக்கமும் அப்படியே உதவும். விட வேண்டியது ஒன்று: ‘எதிர்த்தரப்பு நிரூபிக்கட்டும்’ என்று காத்திருக்கும் குணம். இங்கே பெரும்பாலும் நீங்கள்தான் முதலில் எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வரி விழுந்ததும் சில கட்சிக்காரர்கள் சரக்கை மூன்றாம் நாடு வழியாகத் திருப்பி, லேபிளை மாற்றி, அங்கே தயாரானதாகச் சான்றிதழ் வாங்கித் தரக் கேட்பார்கள். அது ஏய்ப்பு, ‘சட்டக் கருத்து’ என்று நீங்கள் எழுதித் தரும் கடிதமே பிறகு உங்களுக்கு எதிரான ஆவணம். உற்பத்தியின் கணிசமான கட்டத்தை உண்மையிலேயே அங்கே மாற்ற முடியுமா என்பது வேறு கேள்வி, அதற்கு நேர்மையான பதில் உண்டு. அதுபோலவே, இன்று உருக்குத் தகட்டில் உள்நாட்டு ஆலைக்காக மனுப் போட்டவர், நாளை அதே தகட்டை இறக்குமதி செய்பவருக்கு வக்காலத்து வாங்க முடியாது. துறை சின்னது, முதல் வழக்கு எடுக்கும்போதே எந்தக் கதவுகள் அடைபடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியது. இப்போதுள்ள வேலையை விட வேண்டாம். மாலை ஒரு மணி நேரமாக மூன்று மாதம் போதும். முதல் மாதம் டம்பிங் ஒப்பந்தத்தை உரை நூல் இல்லாமல் நேராகப் படியுங்கள். 18 பிரிவுகள், இரண்டு இணைப்புகள்தான். 2, 3, 5, 6-ஆம் பிரிவுகளை மூன்று தடவை. கூடவே ஒரு கணக்காளரிடம் உட்கார்ந்து, ஏதாவது ஒரு சிறு கம்பெனியின் ஆண்டறிக்கையிலிருந்து ஓர் இன்வாய்ஸ்வரை இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பயம் அநேகமாக அந்த மேசையில் தெளியும். இரண்டாம் மாதம் எக்ஸெலில் பிவட் டேபிளும் நிபந்தனைக் கூட்டலும் கையில் வரட்டும். வீட்டிலுள்ள 20 பொருள்களை எடுத்து, விதிகளை வரிசையாகப் பயன்படுத்தி 6 இலக்கம்வரை வகைப்படுத்திப் பாருங்கள். ஷாம்பு பாட்டிலோடு இலவசமாக வந்த சீப்பில் தடுமாறினால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மூன்றாம் மாதம், விசாரணை அமைப்புகள் வெளியிடும் இறுதி முடிவறிக்கைகளில் ஒன்றை எடுங்கள். மனுதாரர் தகுதி எப்படிக் கணக்கானது, எந்தக் கழிவு ஏன் மறுக்கப்பட்டது, பாதிப்பு அட்டவணையில் எந்தக் காரணி ஏறியது, எது இறங்கியது, இருந்தும் அதிகாரி ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்று இரண்டு பக்கக் குறிப்பு எழுதுங்கள். ரகசியப் பதிப்பு கையில் இல்லாததால் எந்தெந்த எண்ணை உங்களால் சரிபார்க்க முடியவில்லை என்பதையும், கட்சிக்காரர் உங்களுடையவராக இருந்தால் அதற்கு என்ன ஆவணம் கேட்டிருப்பீர்கள் என்பதையும் கடைசிப் பத்தியில் சேருங்கள். விண்ணப்பத்தோடு அதை இணைத்து அனுப்புங்கள். நேர்முகத் தேர்வில் உங்கள் மதிப்பெண் பட்டியலைப் புரட்டுவதற்கு முன், அந்தக் கடைசிப் பத்தியிலிருந்துதான் கேள்வி கேட்பார்கள்.